காலுக்குக் கட்டை, இரும்புக்கு ரப்பர்

பளுதூக்கும் ஷூவைக் கையில் வாங்கினால் முதலில் தெரிவது அதன் கனம். சோலைக் கட்டைவிரலால் எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே போகாது. இரண்டு கையாலும் பிடித்து வளைத்தால் விரல் பக்கம் கொஞ்சம் மடங்கிக் கொடுக்கும், பின்பாதி அசையாது. பக்கவாட்டில் பார்த்தால் குதிகால் பக்கம் விரல் பக்கத்தைவிட ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் தூக்கலாக இருக்கும். லேஸ் போதாதென்று பாதத்துக்குக் குறுக்கே ஒரு பட்டையோ இரண்டு பட்டையோ வைத்திருப்பார்கள். ஓடுவதற்கு லாயக்கில்லை, நாலு தெரு நடக்கவும் தோதுப்படாது. நிற்பதற்கென்றே செய்த காலணி அது.

மற்ற விளையாட்டுக் காலணிகள் வருஷத்துக்கு வருஷம் மெத்தென்று ஆகிக்கொண்டே போக, இது மட்டும் ஏன் இப்படிக் கெட்டியாகவே இருக்கிறது? விடை, எடையைத் தூக்கும் முறை மாறிய கதையில் இருக்கிறது.

1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே பளுதூக்குதல் உண்டு. ஒரு கையால் தூக்குவது, இரு கையால் தூக்குவது என்று இரண்டே போட்டிகள். எடைப் பிரிவு கிடையாது. ஒரு கைப் போட்டியில் வென்ற பிரிட்டன் வீரர் லான்ஸ்டன் எலியட் பிறந்தது அன்றைய பம்பாய் மாகாணத்தில். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பிரஸ், ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என்ற மூன்று வகைகள் நிலைபெற்றன. 1972 மியூனிக்குக்குப் பிறகு பிரஸ் போய்விட்டது, மற்ற இரண்டும் இன்றும் இருக்கின்றன.

ஸ்னாட்சில், எடை கோத்த இரும்புத் தண்டான பாரைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும். பெரிய எடையை நின்றபடியே அவ்வளவு உயரம் இழுத்துவிட யாராலும் முடியாது. இயன்ற உயரம் இழுத்ததும் தூக்குபவர் சட்டென்று பாருக்கு அடியில் புகுந்துகொள்கிறார். அந்தக் காலத்தில் பெரும்பாலோர் ஒரு காலை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் எறிந்து புகுந்தார்கள். முன்கால் முழுப்பாதமும் தரையில் இருக்கும், பின்கால் விரல்களில் ஊன்றியிருக்கும். இதற்கு மெல்லிய, வளைகிற சோல் போதும்.

இன்னொரு வழியும் இருந்தது. இரண்டு காலையும் அகட்டி வைத்து, பாரைத் தலைக்கு மேல் பிடித்தபடி அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிடுவது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஏக்ரன் என்ற ஊரில் லாரி பார்ன்ஹோல்த் என்ற பயிற்சியாளர் இந்த முறையை விடாப்பிடியாகக் கற்றுக்கொடுத்தார். அவரிடம் கற்ற பீட் ஜார்ஜ் 1948 லண்டனில் வெள்ளி, 1952 ஹெல்சிங்கியில் தங்கம், 1956 மெல்போர்னில் மறுபடி வெள்ளி என்று மூன்று ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கினார். குட்இயர், ஃபயர்ஸ்டோன் டயர் கம்பெனிகள் வளர்ந்த ஊர் ஏக்ரன். ஆனால் இந்தக் கதைக்குள் ரப்பர் வரப்போவது வேறு கண்டத்திலிருந்து.

குத்தவைக்கும் முறையின் ஆதாயம் எளிதில் புரியும். உடம்பு எவ்வளவு தாழ்கிறதோ, பாரை அவ்வளவு குறைவான உயரம் இழுத்தால் போதும். நின்று இழுக்க முடியாத எடையை உட்கார்ந்து வாங்கிவிடலாம். அடுத்த இருபது ஆண்டுகளில் உலகமே மெல்ல இந்தப் பக்கம் வந்துவிட்டது.

அதோடு ஒரு சிக்கலும் வந்தது. ஆழமாக உட்கார வேண்டுமானால் முழங்கால் பாதத்தைத் தாண்டி முன்னே போக வேண்டும், அதற்குக் கணுக்கால் நன்றாக மடங்க வேண்டும். கணுக்கால் மடங்க மறுத்தால் ஒன்று குதிகால் தரையைவிட்டு எழும்பும், அல்லது முதுகு முன்னால் கவிழும். தலைக்கு மேல் நூறு கிலோ இருக்கும்போது முதுகு கவிழ்ந்தால் பார் முன்னால் போய்விடும். சும்மா உட்காரும்போது கைகளை முன்னே நீட்டிச் சமாளித்துக்கொள்ளலாம். பாரைப் பிடித்திருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை.

குதிகாலுக்கு அடியில் எதையாவது கொடுத்தால் கணுக்காலின் வேலை குறைகிறது. இது ஜிம்களில் எல்லோருக்கும் தெரிந்த கைவைத்தியம். தசை வளர்ப்பவர்கள் ஒரு பலகையைத் தரையில் போட்டு, அதன்மேல் குதிகாலை வைத்துக்கொண்டு, எடையோடு குத்தவைத்து எழும் ஸ்குவாட் செய்தார்கள். நின்ற இடத்தில் நின்றே செய்கிற ஸ்குவாட்டுக்குப் பலகை போதும். ஸ்னாட்ச் செய்பவருக்குப் போதாது. பாருக்கு அடியில் புகும்போது அவருடைய இரண்டு பாதமும் ஒரு கணம் தரையைவிட்டு எழுந்து, சற்று அகலமான இடத்தில் போய் இறங்குகின்றன. தரையில் கிடக்கும் பலகையில் குறிபார்த்துக் குதிகால் இறங்காது. அதனால் பலகை காலோடு கூடவே வர வேண்டியிருந்தது. பளுதூக்கும் ஷூ பிறந்ததன் சாரம் இதுதான் என்று நினைக்கிறேன்.

சாதாரணத் தோல் பூட்ஸைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துக் குதியை உயர்த்திப் போட்டுக்கொண்டவர்கள் இருந்தார்கள். பிறகு ஷூ கம்பெனிகளே இதற்கென்று செய்யத் தொடங்கின. குதிக்கு மரம் வைத்தார்கள், அல்லது தோலை அடுக்கடுக்காக ஒட்டி வைத்தார்கள். பாதம் இறங்கும்போது கட்டை மேடையில் மோதி எழுப்பும் ‘டப்’ என்ற சத்தம் பளுதூக்கும் கூடங்களுக்கே உரியது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கை ஒட்டி நைக்கி ரோமாலியோஸ் வந்தது. 2012இல் அடிடாஸ் அடிபவர் வந்தது. மரம் போய்க் கெட்டிப் பிளாஸ்டிக் வந்ததே தவிர, குதியின் உயரம் அதே 2 சென்டிமீட்டர் அளவிலேயே நின்றது. குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் இடையே 18 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பாதம் ஏறத்தாழ 6 பாகை சாய்கிறது. முதுகை நிமிர்த்த அந்த ஆறு பாகை பெரிய உதவி.

போட்டி விதிகளும் இந்த ஷூவைப் பற்றிப் பேசுகின்றன. சோல் எவ்வளவு தடிமனாகவும் இருக்கலாம். ஆனால் ஷூவின் ஓரத்தைத் தாண்டி 5 மில்லிமீட்டருக்கு மேல் வெளியே நீட்டக்கூடாது. நீட்டினால் பாதத்தின் பரப்பைச் செயற்கையாக அகலமாக்கிக்கொண்டதாக ஆகிவிடும். சோலுக்கு மேல் ஷூவின் உயரம் 130 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. கணுக்காலைத் தாங்கலாம், கட்டிப்போடக் கூடாது.

ஓட்டக்காரர்களின் ஷூவில் இருக்கும் ஃபோம் ஒவ்வொரு அடிக்கும் அமுங்கி எழுவதற்காகவே வைத்தது. ஓடுபவருக்கு அது பாதுகாப்பு. தோளில் எண்பது கிலோ ஏறியதும் அதே ஃபோம் ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் அமுங்குகிறது. மெத்தைமேல் நின்று அலமாரியை நகர்த்தப் பார்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. கணுக்கால் உள்ளே சாயும், அதைத் தொடர்ந்து முழங்காலும் சாயும். வீட்டில் வெயிட் போடத் தொடங்கும் பிள்ளைகள் விலை உயர்ந்த ரன்னிங் ஷூவை மாட்டிக்கொண்டு ஸ்குவாட் செய்வதைப் பார்க்கும்போதெல்லாம் கழற்றச் சொல்லத் தோன்றுகிறது. அதற்கு வெறுங்காலே மேல்.

ஷூவின் கதையைத் தரையின் கதையிலிருந்து பிரிக்க முடியாது. போட்டி மேடை 4 மீட்டருக்கு 4 மீட்டர் சதுரம். மரமோ வேறு திடப்பொருளோ, வழுக்காத மேற்பரப்பு வேண்டும் என்பது விதி. ஒரு காலத்தில் அந்த மேடையில் மோதியது வார்ப்பிரும்பு. எடை விழுந்த இடத்தில் பலகை பிளந்தது, பார் வளைந்தது. இரும்பு பிளேட் காலத்து வீரர்கள் கூடியமட்டும் பாரைக் கையாலேயே தாங்கி இறக்கினார்கள். தூக்கிக் களைத்த உடம்புக்கு அது இன்னொரு தண்டனை.

மாற்றம் சுவீடனில் ஹால்ம்ஸ்டாட் என்ற ஊரிலிருந்து வந்தது. எலைக்கோ அங்கே 1928 முதல் மின்சார வீட்டுச் சாமான்கள் செய்துவந்த கம்பெனி. ரொட்டி வாட்டும் டோஸ்டர், வாஃபிள் சுடும் கருவி இவைதான் அவர்கள் சரக்கு. அங்கே வேலை பார்த்த ஹெல்ஸ்ட்ரம் என்பவர் பளுதூக்குபவர். வளைந்தும் முறிந்தும் போகும் பார்களோடு மல்லுக்கட்டி அலுத்தவர். நல்ல பார் ஒன்றை நாமே செய்யலாமே என்று நிர்வாகி டைரா யோஹான்சனிடம் கேட்டார். அந்த அம்மா சம்மதித்தார். 1957இல் முதல் பார் வந்தது. 1963இல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகப் போட்டியில் அவர்களுடைய ஒரே பார் தொடக்கம் முதல் முடிவு வரை வளையாமல் முறியாமல் நின்றது. டோஸ்டர் கம்பெனி பார் கம்பெனியானது இப்படித்தான். 1960களின் பிற்பகுதியில் ரப்பர் போர்த்திய பிளேட்டுகள் வந்தன.

ரப்பர் செய்யும் வேலையை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். 60 கிலோ பார் இடுப்பளவு, அதாவது 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. இரும்பும் சிமெண்டும் மோதி, 5 மில்லிமீட்டர் தூரத்துக்குள் அது நின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். விழுந்த தூரம் நின்ற தூரத்தைப்போல் 200 மடங்கு. தரையில் இறங்கும் சராசரி விசையும் எடையைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு: 12 டன். ரப்பர் பிளேட்டும் தரையில் விரித்த ரப்பர் மேட்டும் சேர்ந்து அமுங்கி அதையே 5 சென்டிமீட்டரில் நிறுத்தினால் விசை பத்தில் ஒரு பங்காகி 1.2 டன் ஆகிறது. இரும்பு பிளேட் தரையைத் தொடுவதோ ஒரு கோடு அளவுக்கு மட்டும். அந்த 12 டன்னும் அந்தக் கோட்டில் இறங்குகிறது. வீட்டு டைல்ஸ் எப்படித் தாங்கும்?

போட்டிக்கான பிளேட்டில் 10 கிலோ முதல் 25 கிலோ வரை எல்லாவற்றுக்கும் விட்டம் ஒன்றே, 450 மில்லிமீட்டர். எடை கூடினால் தடிமன்தான் கூடும். அதனால் எத்தனை கிலோ மாட்டினாலும் பார் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கிறது, மோதலையும் எல்லா பிளேட்டும் பங்குபோட்டுக்கொள்கின்றன. பாரைக் கீழே போட அனுமதி வந்ததும் இந்த ரப்பரை நம்பித்தான். அதற்கும் எல்லை உண்டு, தோள் உயரத்தைக் கடக்கும்வரை பாரிலிருந்து கையை எடுக்கக்கூடாது. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வேலூர் சதீஷ் சிவலிங்கம் ஸ்னாட்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, ஆக 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றாரே, அந்த வீடியோவைக் காலில் மட்டும் கண்ணை வைத்து ஒருமுறை பாருங்கள். பாதம் எழுந்து இறங்குவதும், கணுக்கால் ஆடாமல் நிற்பதும், முடிந்தபின் பார் விழுந்து துள்ளுவதும் தெரியும். உடம்பு ஊன்றும் இடம் அமுங்கவில்லை. இரும்பு விழும் இடம் அமுங்குகிறது. இந்த விளையாட்டின் தரையும் காலணியும் அரை நூற்றாண்டாக இந்த ஒரு பிரிவினையை நோக்கித்தான் வளர்ந்திருக்கின்றன.

வீட்டில் வெயிட் போடுவது இந்தக் கதைக்குள் சீக்கிரமே வந்துவிட்டது. ஆலன் கால்வர்ட் என்பவர் 1902இல் ஃபிலடெல்ஃபியாவில் மைலோ பார்பெல் கம்பெனியைத் தொடங்கி, எடையைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பார்பெல்லைத் தபால் ஆர்டரில் விற்றார். பார்பெல் வீட்டுக்கு வந்தது, தரை கூடவே வரவில்லை. அவரவர் கொல்லையும் கொட்டகையும்தான் மேடை.

அப்படிக் கொல்லையில் உருவானவர்களில் பெரியவர் ஜார்ஜியா மாநிலம் டொக்கோவாவைச் சேர்ந்த பால் ஆண்டர்சன். கடையில் விற்கும் எடைகள் அவருக்குப் போதவில்லை. இரும்புச் சாமான்களும் கான்கிரீட்டும் நிரப்பிய பீப்பாய்களை ஒரு தண்டின் இரு முனையிலும் கோத்துக்கொண்டார். தரையிலேயே குழி வெட்டி அதற்குள் இறங்கி நின்றார். பீப்பாய்கள் குழியின் இரு கரையிலும் இருக்கும், தண்டு தோளில் இருக்கும். குழி ஆழமாக இருக்கும்போது முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நிமிர்ந்தாலே பீப்பாய் எழும்பிவிடும். அவ்வப்போது குழியில் கொஞ்சம் மண்ணை அள்ளிப் போடுவார். மண் ஏற ஏற அவர் இன்னும் தாழ்ந்து எழ வேண்டியிருக்கும். எடையைக் கூட்டாமல் தரையைக் கூட்டினார். 1955இல் மாஸ்கோவில் கொட்டும் மழையில் 182.5 கிலோவைப் பிரஸ் செய்து சோவியத் ரசிகர்களை வாய்பிளக்க வைத்தவர் இவர்தான். அடுத்த ஆண்டு மெல்போர்னில் காய்ச்சலோடு வந்து தங்கம் வாங்கினார். தரையும் பயிற்சிக் கருவிகளில் ஒன்று என்பதை அவரைப்போல் உணர்ந்தவர்கள் குறைவு.

கார் கொட்டகையைப் பயிற்சிக் கூடமாக்கிய பிற்கால அமெரிக்கர்கள் ஒரு கச்சிதமான வழி கண்டார்கள். எட்டடிக்கு நாலடி பிளைவுட் ஐந்து வாங்குவார்கள், ஒவ்வொன்றும் முக்கால் அங்குலத் தடிமன். முதல் இரண்டைப் பக்கம் பக்கமாகப் போட்டால் எட்டடிச் சதுரம். அடுத்த இரண்டை அதற்குக் குறுக்குவாட்டில் போட்டு முடுக்கினால் கீழே உள்ள இணைப்பு மேலே தெரியாமல் மறைந்துவிடும். ஐந்தாவதை நடுவில் வைப்பார்கள். இரண்டு ஓரத்திலும் மிச்சமிருக்கும் இரண்டடி அகலப் பட்டைகளில் குதிரை லாயத்தில் விரிக்கும் ரப்பர் மேட்டை வெட்டிப் பதிப்பார்கள். அந்த மேட்டும் முக்கால் அங்குலம் என்பதால் மரமும் ரப்பரும் ஒரே மட்டத்தில் அமைந்துவிடும். கால் மரத்தில், பிளேட் ரப்பரில். குதிரையின் குளம்பைத் தாங்கச் செய்த ரப்பர் இரும்பைத் தாங்குகிறது. நம் ஊரில் பால்மாட்டுக் கொட்டகைக்கு விற்கும் ரப்பர் மேட்டும் இதே இனம்தான். கெட்டியாக, கனமாக இருக்கும், கத்தியால் வெட்டலாம்.

நம் வீடுகளில் இதைச் செய்ய முடியுமா என்றால், நன்றாகவே முடியும். தரைத்தளம் கிடைத்தால் யோசிக்க வேண்டாம். முதலில் டைல்ஸை ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். ‘டொக்’ என்று பொள்ளலாகக் கேட்கும் இடத்தில் அடியில் கலவை முழுதாகப் பிடித்திருக்காது, முதலில் விரிசல் விடுவதும் அங்கேதான். மேடையை அதைத் தவிர்த்துப் போட வேண்டும். பிளைவுட்டுக்குப் பதில் பார்ட்டிகிள் போர்டு வாங்காதீர்கள், ஈரம் பட்டால் ஊதிவிடும். துண்டு துண்டாகக் கோத்துப் போடும் வண்ண ஃபோம் மேட் குழந்தைகள் விளையாட நல்லது. அதன்மேல் நின்று பார் தூக்குவது ரன்னிங் ஷூவின் பிரச்சினையைத் தரையிலும் கொண்டுவந்து சேர்ப்பதாகும்.

மாடி வீடு என்றால் பலர் எடையை நினைத்துப் பயப்படுகிறார்கள். வீட்டு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ கூடுதல் சுமைக்கு வடிவமைக்கச் சொல்கிறது இந்தியத் தரநிலை 875. எட்டடிச் சதுர மேடை கிட்டத்தட்ட 6 சதுர மீட்டர். பிளைவுட், ரப்பர், 100 கிலோ பார், தூக்குபவர் எல்லாம் சேர்த்தாலும் ஐந்நூறு கிலோவைத் தாண்டுவது அரிது. பரவலாக அமர்கிற அந்தச் சுமையை நல்ல நிலையில் உள்ள தளம் தாங்கும். பழைய கட்டடமோ, கம்பி துருப்பிடித்த தளமோ என்றால் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுவது முறை. மாடியில் பயப்பட வேண்டியது பாரைப் போடுவதைத்தான். மேலே பார்த்த கணக்கில் ரப்பர் போட்டும் 1.2 டன் இறங்கியதே, அது கீழ்வீட்டாரின் தலைக்கு மேல். மாடியில் பயிற்சி செய்பவர் தாங்கி இறக்கக்கூடிய எடையோடு நிற்க வேண்டும். ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் இரண்டையும் தரைத்தளத்துக்கோ பயிற்சிக் கூடத்துக்கோ விட்டுவிடலாம்.

காலணிக்கு வந்தால், நமக்கு ஒரு வசதி இருக்கிறது. வெறுங்காலில் குத்தவைத்து உட்கார்ந்து பாருங்கள். குதிகால் தரையில் படிந்து, முதுகு ஓரளவு நிமிர்ந்து, ஒரு நிமிஷம் சிரமமில்லாமல் இருக்க முடிகிறதா? வயலிலும் அடுப்படியிலும் அப்படியே உட்கார்ந்து வேலை செய்தவர்களுக்கு இது பிரயாசையே இல்லை. அவர்கள் சாதாரண ஸ்குவாட்டுக்குக் குதி உயர்ந்த ஷூவைத் தேட வேண்டியதில்லை. நாற்காலியிலேயே வளர்ந்தவர்களுக்குக் குதிகால் எழும்பும், அல்லது பின்னால் சாய்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு அந்த 2 சென்டிமீட்டர் உண்மையிலேயே உதவும். கணுக்காலைப் பழக்கும் பயிற்சியைக் கூடவே செய்துவர வேண்டும்.

டெட்லிஃப்ட்டுக்குக் கணக்கு தலைகீழ். பாரைத் தரையிலிருந்து இழுத்து நிமிர்வதுதான் அதில் வேலை, எனவே கால் எவ்வளவு தாழ இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 1917இல் கூடைப்பந்துக்காக வந்த கான்வெர்ஸ் ஆல் ஸ்டாரைப் பவர்லிஃப்டிங் செய்பவர்கள் விரும்பி மாட்டிக்கொண்டது அதன் தட்டையான, மெல்லிய, அமுங்காத ரப்பர் சோலுக்காக. அதே மாதிரித் தட்டை அடிப்பாகமுள்ள மலிவான கான்வாஸ் ஷூ எதுவும் அந்த வேலையைச் செய்யும். மர மேடையில் வெறுங்காலும் சரிதான். பளபளப்பான டைல்ஸில் வெறுங்கால் கூடவே கூடாது, பாதத்தில் வியர்வை ஊறினால் வழுக்கிவிடும். செருப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஹவாய் செருப்போடு பாருக்குப் பக்கத்தில் போகக்கூடாது.

வீட்டுக்குள் காலணி போடாத குடும்பங்களில் இதற்கென்று ஒரு ஜோடியைத் தனியாக மேடை ஓரத்தில் வைத்துவிடலாம். தெருவுக்குப் போகாத ஷூவின் சோலில் மண் ஒட்டாது, பிடிமானமும் குறையாது. செலவைப் பார்த்துச் செய்பவர்கள் முதலில் பிளைவுட்டும் மாட்டு மேட்டும் வாங்கட்டும், பிறகு பாரும் பிளேட்டும். குதி உயர்ந்த ஷூவை, ஆறேழு மாதம் ஸ்குவாட் செய்து குதிகால் இன்னும் எழும்புகிறது என்று தெரிந்தபின் வாங்கினால் போதும். புது ரப்பர் மேட்டின் நெடி பலமாக இருக்கும். சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, சில நாள் காற்றாட வெளியே போட்டுவிட்டு அறைக்குள் கொண்டுவாருங்கள்.